தங்கச்சி ரிசப்ஷனுக்குப் பியானோ வாசிக்க ஆள் வேணுமுங்க (பெருந்துறை)

கோபிக்காரன்:
வணக்கமுங்க. ஆவணி மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். மொத நாள் பொழுதோட ரிசப்ஷன், மறுநாள் விடியக்காலம் அஞ்சரைக்கு முகூர்த்தம். ரெண்டும் பெருந்துறைல ஒரே மண்டபம். தங்கச்சி அஞ்சு வருசமா பெங்களூருல வேலை பாக்குது. அங்க சிநேகிதி கல்யாணத்துல ஒருத்தர் தனியா உக்காந்து பியானோ வாசிச்சாராம், அதையே புடிச்சுக்கிட்டு நிக்குது. "ட்ரூப் வேண்டாண்ணா, டிஜே வேண்டாண்ணா, பியானோ மட்டும் போதும்"ங்குது. அப்பா சரின்னுட்டாரு. அப்புச்சிதான், "ஆர்மோனியப் பொட்டி வாசிக்கறவன் நம்ம கோயில் பஜனைலயே இருக்கறானே, அவனையே கூப்டா ஆகாதா?"ன்னு கேட்டாரு.

எனக்கு வாழைத்தாரு வெலை தெரியும், இந்த வெவகாரம் ஒண்ணும் தெரியாதுங்க. ஈரோடு, கோவைல இப்படி ஆளுங்க எங்க கெடைப்பாங்க? பியானோவ அவங்களே கொண்டாருவாங்களா, நாம வாடகைக்கு எடுக்கோணுமா? முகூர்த்தத்துக்கும் வாசிக்கச் சொல்லலாமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?

சவுண்டுசெட்டு:
வெலை அப்பறம் பேசலாம். எத்தனை பேரு வருவாங்க? ஹால் ஏசியா, தகரக் கூரையா? பந்தி அதே தளத்துலயா, கீழயா? எந்நேரத்துக்கு வாசிக்கோணும்? சும்மா "ரிசப்ஷன்ல"ன்னா பத்தாதுங்க. ஆறு மணிக்கு இருக்கற மண்டபம் வேற, எட்டு மணிக்கு இருக்கற மண்டபம் வேற.

கோபிக்காரன்:
1,500 பேரு வருவாங்கன்னு கணக்கு. மேல ஏசி ஹால், கீழ பந்தி. ஏழு மணிக்குப் பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுவாங்க, அதுலிருந்து வாசிச்சா போதும்னு நெனைச்சமுங்க. மேடை ஓரத்துல எடம் இருக்குது.

சவுண்டுசெட்டு:
அங்கதானுங்க எல்லாரும் தப்புப் பண்றது. எட்டு மணிக்கு ஹாலுக்குள்ள 800 பேரு நின்னு பேசிட்டு இருப்பாங்க. ஒறம்பரை ஒருத்தரை ஒருத்தர் பாத்தே ரெண்டு வருசமாயிருக்கும், பேசாம இருப்பாங்களா? அந்தச் சத்தத்துக்கு மேல பியானோ கேக்கோணும்னா வால்யூம் ஏத்தோணும். ஏத்துனா அது பியானோ மாதிரியே இருக்காது, தகரத்துல கல்லுப் போட்ட மாதிரி இருக்கும். மேடை ஓரம் வேற ஃபோட்டோக்காரரு லைட்டு ஸ்டேண்டு, மொய் எழுதறவங்க, வரிசைன்னு ஒரே நெரிசல்.

சந்தனமும் கல்கண்டும் வெச்சு வரவேற்கற எடம் இருக்குது பாருங்க, அங்க வைங்க. ஆறுலிருந்து எட்டு வரைக்கும். வர்றவங்க ஒவ்வொருத்தரும் நாலடி தூரத்துல அதைத் தாண்டித்தான் போகோணும். சின்ன ஸ்பீக்கர் ரெண்டு போதும்.

கருப்புவெள்ளை:
வணக்கம். கோவையில் ஒரு தேவாலயத்தில் 20 வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிக்கிறேன், கல்யாணங்களுக்கும் போவதுண்டு. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "பியானோ" என்று நம் ஊரில் மூன்று வேறு பொருளைச் சொல்கிறார்கள்.

ஒன்று, நிஜப் பியானோ. உள்ளே கிட்டத்தட்ட 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை 15 டன்னைத் தாண்டும். அதைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும், அதனால்தான் அந்த எடை. சுவரோரம் நிற்கிற சாதாரணப் பியானோவே 200 கிலோவுக்கு மேல். மேடைக் கச்சேரிக்கான ஒன்பதடிப் பியானோ 500 கிலோ சுமாருக்கு வரும். உங்கள் ஹால் மாடியில் என்கிறீர்கள். ஆறு பேர் தூக்கிக்கொண்டு படியேறினாலும் வேலை அதோடு முடியாது. லாரியில் குலுங்கி வந்து, ஏசிக் குளிரில் மரப்பலகை சுருங்கினால் சுருதி கலையும். சேர்ந்த இடத்தில் மறுபடி சுருதி கூட்ட வேண்டும். சுருதி கூட்டுகிறவருக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் அமைதி தேவை. ஒருமுறை ஒரு மண்டபத்தில் அவர் காதைப் பெட்டிக்குள் வைத்துக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் 600 இரும்பு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டார்கள், வாசலில் செண்டைமேளம் ஒத்திகை. பாவம், கருவியை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு, டிஜிட்டல் பியானோ. 88 கட்டைகளும் இருக்கும், 52 வெள்ளை, 36 கறுப்பு. அழுத்தினால் நிஜப் பியானோவின் சுத்தியல் போலக் கனம் கொடுக்கும். யமஹா, ரோலண்டு, காசியோ என்று பல இருக்கின்றன. சின்ன மாடல்கள் 12 கிலோ சுமாருக்கு வரும், காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். கல்யாணத்துக்கு வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக வைத்திருப்பது இதைத்தான்.

மூன்று, கீபோர்டு. 61 கட்டை, கனம் கிடையாது, ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக ஓடும். மேடைக் கச்சேரிக்கு அருமையான கருவி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் தங்கை பெங்களூரில் கேட்டது இதுவாக இருக்காது.

பொள்ளாச்சி அம்மிணி:
மூணாவதுக்கு மேல நாலாவது ஒண்ணு இருக்குதுங்க சார், அதுல மாட்டுனது நாங்க. போன வருசம் மகன் கல்யாணத்துக்கு ஒரு ஈவன்ட்காரங்ககிட்ட மொத்தமா ஒப்படைச்சோம். பேரு வேண்டாம். "கிராண்டு பியானோ, வெள்ளைக் கலர், லைவ் பியானிஸ்ட்"னு கொட்டேஷன்லயே போட்டிருந்தாங்க. ஃபோட்டோவும் காட்டுனாங்க, சினிமால வர்ற மாதிரி மூடி தெறந்து நிக்குது.

அன்னைக்கு வந்துச்சு பாருங்க, வெள்ளையா பளபளன்னு. என்ற நாத்தனார் பேரன் எட்டு வயசுப் பையன், சும்மா இருப்பானா? மூடிக்குள்ள எட்டிப் பாத்துட்டு "பாட்டி, உள்ள ஒண்ணுமே இல்ல"ன்னு கத்துனான். போய்ப் பாத்தா பிளைவுட்டுப் பொட்டி. உள்ள ஒரு கீபோர்டை நாடாவுல கட்டி வெச்சு, அதுக்கடில ரெண்டு செங்கல்லு. எங்க ஊட்டு மாட்டுத் தொட்டி அதைவிட கனமா இருக்கும். வாசிச்ச தம்பி நல்ல பையன்தான், ட்ரூப்புல வாசிக்கறவராம், "அக்கா, என்னைய நேத்து ராத்திரிதான் கூப்ட்டாங்க"ன்னாரு. ஒரே தாளத்தப் போட்டு விட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டுனாரு. காசு முழுசா வாங்கிட்டாங்க. கேட்டதுக்கு "ஃபோட்டோல நல்லா வந்துருக்குதுல்லீங்க?"ங்கறாங்க.

கருப்புவெள்ளை:
அந்தப் பெட்டிக்கு ஷெல் என்று பெயர். அலங்காரத்துக்கு வைப்பதில் தப்பில்லை, உள்ளே ஒழுங்கான 88 கட்டை டிஜிட்டல் பியானோ வைத்தால் கேட்க நன்றாகவே இருக்கும். சொல்லிவிட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளை முடிவு செய்யாமல் பெட்டியை மட்டும் விற்றிருக்கிறார்கள்.

கோபிக்காரன் அவர்களுக்கு: இடையில் யாரும் இல்லாமல் வாசிக்கிறவரிடம் நேரடியாகப் பேசுங்கள். கோவையில் பியானோ கற்றுத்தரும் வகுப்புகள் நிறைய உண்டு, டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற மேற்கத்திய இசைத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற இடங்கள். அங்குள்ள ஆசிரியர்களிடம் கேளுங்கள், அவர்களோ அவர்களுடைய மூத்த மாணவர்களோ வருவார்கள். தேவாலயங்களில் வாசிப்பவர்களைக் கேட்கலாம். அந்தத் தேர்வுகளில் மேல் படியான எட்டாம் கிரேடு முடித்தவர் என்றாலே கல்யாணத்துக்கு ஏற்றவர் என்று எண்ண வேண்டாம். நோட்ஸ் தாளை எடுத்துவிட்டால் கை நின்றுபோகிறவர்கள் உண்டு. கல்யாணத்தில் திடீரென்று மாமனார் வந்து ஒரு பழைய பாட்டைக் கேட்பார், காதால் கேட்டதை அந்த நிமிடமே வாசிக்கத் தெரிய வேண்டும். அவர் ஏதாவது ஒரு விசேஷத்தில் வாசித்த வீடியோவை வெட்டாமல் பத்து நிமிடம் அனுப்பச் சொல்லுங்கள். எடிட் செய்த ஒரு நிமிடத் துண்டில் எல்லோருமே மேதைதான்.

காங்கேயம்காளை:
எல்லாம் சரி. நம்ம கொங்குச் சீமைக் கல்யாணத்துக்கு எதுக்குங்க இந்தக் கண்ராவி? நாயனம் இருக்குது, தவில் இருக்குது. அந்தக் காசுக்குப் பந்தில இன்னொரு எச்சு ஐட்டம் வெச்சா நாலு பேரு வாழ்த்துவாங்க.

பொள்ளாச்சி அம்மிணி:
ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுக் கல்யாணத்துல டிஜே வெக்கலயா? டிரோன் வுடலயா? புள்ளை ஆசைப்பட்டு ஒண்ணே ஒண்ணு கேக்குது.

காங்கேயம்காளை:
டிரோன் உட்டோமுங்க. ஒத்துக்கறேன்.

தவில்வீட்டுப் பேரன்:
நாயனத்துக்குப் பரிஞ்சு பேசுனதுக்கு நன்றிங்க. எங்க தாத்தா தவில், மாமா நாயனம், நான் கம்ப்யூட்டர். முகூர்த்தத்துக்குப் பியானோ வேணுமான்னு இவரு கேட்டாரே, அதுக்கு யாரும் பதில் சொல்லலீங்க.

வேண்டாமுங்க. சாங்கியத்துக்காகச் சொல்லல, காதுக்காகச் சொல்றேன். நாயனத்தோட சத்தம் திறந்த வெளில, கோயில் வீதில கேக்கறதுக்குன்னே இருக்கறது. பக்கத்துல எதை வெச்சாலும் முழுங்கிடும். சுருதியும் ஒத்து வராது. இப்ப பெரும்பாலும் நீளமான பாரி நாயனம், ரெண்டு கட்டை, ரெண்டரைக் கட்டைச் சுருதில ஊதுவாங்க. ஆனா நாயனக்காரரு வாயழுத்தத்துல கொஞ்சம் மேல கீழ போவாரு, அதுதான் அழகே. பியானோ அரைக்கால் சுருதி கூட அசையாது. ரெண்டும் ஒண்ணா ஒலிச்சா பல்லு கூசும்.

அதோட நம்ம கல்யாணத்துல நேரம் எங்க இருக்குது? இணைச்சீர் நடக்கும், அருமைக்காரரு சீர் ஒவ்வொண்ணா செய்வாரு, மங்கல வாழ்த்துப் பாடுவாங்க. கம்பர் பாடுனதுன்னு பெரியவங்க சொல்ற அந்தப் பாட்டுல வார்த்தை காதுல விழோணும், அப்ப மேளமே அடங்கித்தான் இருக்கும். தாலி கட்டற நிமிசம் கெட்டிமேளம். இதுக்கு நடுவுல பியானோக்காரரு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கோணும். அதுக்கு விடியக்காலம் மூணு மணிக்கு அவரை எழுப்போணுமா?

கருப்புவெள்ளை:
முழுக்க உடன்படுகிறேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். கமகம் பியானோவில் வராது. ஒரு கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம்தான், அதை வளைக்க முடியாது. யாராவது கமகம் நிறைந்த தோடி ராகத்தை "வாசிங்க" என்றால் நான் கும்பிட்டுவிடுவேன். மேற்கத்திய மேஜர் ஸ்கேல்தான் நம் சங்கராபரணம், ஹார்மோனிக் மைனர் நம் கீரவாணி, அதனால் அவற்றில் அமைந்த மெட்டுகள் பியானோவில் இயல்பாக உட்காரும். மோகனம், ஹம்சத்வனி, கல்யாணி மெட்டுகளும் நன்றாக வரும். நம் சினிமா மெலடிகளில் பாதி இப்படிப்பட்டவைதான், பாட்டுப் பட்டியல் போடும்போது கவலை வேண்டாம். கிறிஸ்தவத் திருமணத்தில் பெண் உள்ளே நடந்து வரும்போது ஓர் இசை, வெளியே போகும்போது ஓர் இசை என்று இடம் இருக்கிறது, பியானோவோ ஆர்கனோ அங்கே சடங்கோடு சேர்ந்தது. நம் மண்டபத்தில் அப்படி ஓர் இடத்தை வலிந்து உண்டாக்க வேண்டியதில்லை. வரவேற்பு நேரமே போதும்.

யாராவது சேர்ந்து பாடப் போகிறார்களா? அப்படியானால் பாடுகிறவரின் சுருதி எத்தனை கட்டை என்று முன்பே கேட்டு வாங்குங்கள். டிஜிட்டலில் ஒரு பொத்தானில் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். நிஜப் பியானோவில் விரல்தான் இடம் மாற வேண்டும்.

கோபிக்காரன்:
அப்ப முகூர்த்தத்துக்கு வேண்டாம். தெளிவாயிருச்சுங்க. மாப்பிள்ளை ஊட்டுல ஒருத்தரு, "சினிமாப் பாட்டு வாசிச்சா ராயல்டி கேட்டு ஆளு வருவாங்க"ன்னு பயமுறுத்துறாரு. உண்மைங்களா?

கோர்ட்வாசல்:
கல்யாணத்துக்கு இல்லீங்க. 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்துல 52ஆம் பிரிவு, 1-ல இசட்ஏ உட்பிரிவு. மதச் சடங்குல பாட்டை நிகழ்த்தினா அது காப்புரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டின மத்த கொண்டாட்டமும் அந்த மதச் சடங்குல அடக்கம்னு அங்கயே விளக்கம் இருக்கு. இதையே மத்திய அரசு 2023 ஜூலைல பொது அறிவிப்பாவும் வெளியிட்டுச்சு. யாராவது மண்டபத்துல வந்து கேட்டா இதைக் காட்டுங்க.

ஆனா திருப்பூர்ல கம்பெனி ஆண்டு விழா, கடை திறப்பு, ஓட்டல்ல டின்னர் இதெல்லாம் கல்யாணம் இல்ல. அதுக்கு லைசென்ஸ் வாங்கணும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

சவுண்டுசெட்டு:
நேரத்தப் பத்தியும் ஒண்ணு. ராத்திரி பத்து மணிலிருந்து காலைல ஆறு வரைக்கும் வெளில ஒலிபெருக்கி கூடாது, 2000ஆம் வருசத்து விதி. மூடின ஹாலுக்குள்ள விதிவிலக்கு இருக்குது. புல்வெளி ரிசப்ஷன்னா பத்துக்கு நிறுத்திக்கோங்க.

இப்ப கரண்டு. இதை யாரும் கேக்க மாட்டாங்க, கடையாந்திரம் இதுலதான் மானம் போகும். டிஜிட்டல் பியானோ கரண்டு போய் வந்தா உடனே வராது, செட் பண்ணி வெச்ச சத்தமெல்லாம் பழையபடி மாறிக்கும். மண்டபத்துல கரண்டு போயி ஜெனரேட்டர் எடுக்க பத்து, பதினஞ்சு நொடி ஆகும். அந்த இடைவெளில வாசிச்சுட்டு இருக்கறவரு பேக்கு மாதிரி முழிப்பாரு. ஊட்டுல கம்ப்யூட்டருக்கு வெச்சிருப்பீங்கல்ல ஒரு சின்ன யூபிஎஸ், அதைக் கொண்டாந்து பியானோவுக்கு மட்டும் போடுங்க.

சீரியல் லைட்டும் பியானோவும் ஒரே பிளக் பாயிண்டுல வேண்டாம். எர்த் சரியில்லாட்டி கிர்ர்ர்னு ஒரு இரைச்சல் வரும், பியானோவுக்கும் மிக்சருக்கும் நடுவுல டிஐ பாக்ஸ்னு ஒரு சின்னப் பொட்டி போட்டா பெரும்பாலும் அடங்கும். செட்டுக்காரங்ககிட்ட "பியானோவுக்கு ஸ்டீரியோ லைன், ரெண்டு டிஐ"ன்னு சொல்லுங்க. முழிச்சாங்கன்னா வேற ஆளப் பாருங்க.

உடுமலைக்காத்து:
புல்வெளின்னு சொன்னதால சொல்றேன். ஆனி, ஆடி, ஆவணில எங்க பக்கம், பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் யாரும் திறந்தவெளில பியானோ வெச்சுக்காதீங்க. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து, காத்தாலையையே சுத்த வெக்கறது, நோட்ஸ் தாளை வுடுமா? மச்சான் கல்யாணத்துல தாளுக்குத் துணிக்கிளிப்பு போட்டாங்க, தாளு ஸ்டேண்டோட சாஞ்சுது. மைக்குல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் கேட்டுச்சு.

ரெண்டுகை:
நான் கல்யாணங்களுக்கு வாசிக்கறவன், கோவை. எங்க பக்கத்து நியாயமும் கேளுங்க. பாட்டுப் பட்டியலை மூணு வாரம் முன்னாடி கொடுங்க, கூட்டத்துல வந்து வாட்ஸப்புல 40 பாட்டு அனுப்பாதீங்க. 40, 45 நிமிசத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஓய்வு வேணும். கைப்பிடி இல்லாத ஸ்டூல் ஒண்ணு, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா முழங்கை இடிக்கும். நல்ல முகூர்த்த நாள்ல ரெண்டு எடத்துல கேப்பாங்க, அட்வான்ஸ் யாரு கொடுத்தாங்களோ அவங்களுக்குத்தான். நேரம், எடம், தொகை, வர முடியலைன்னா யாரு வருவாங்க, இதை ஒரு தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கலாம்.

அப்பறம் சாப்பாடு. இதைக் கேக்கவே கூச்சமா இருக்கும், இருந்தாலும் சொல்றேன். எட்டு மணிக்கு முடிச்சதும் "மேல வீடியோக்காரங்க வந்தப்பறம் ஒண்ணா சாப்புடுங்க"ன்னு சொல்லி, பத்தரைக்கு ரசமும் மோரும் மட்டும் மிஞ்சின கதை நெறைய இருக்கு.

கோபிக்காரன்:
சாப்பாட்டுக் கவலை வேண்டாமுங்க, நம்ம ஊட்டுல அது நடக்காது. உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பிருக்கறேன்.

(ஆவணி கடைசி)

கோபிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. நடந்ததைச் சொல்லோணுமில்ல.

மேல எழுதுன ரெண்டுகை அன்னைக்கு வேற கல்யாணத்துல இருந்தாரு, அவரோட மாணவி ஒரு பொண்ணு வந்துச்சு, கூட அவங்க அப்பா. பியானோவ அவங்களே கார்ல கொண்டாந்தாங்க. வெட்டாத வீடியோ பாத்துட்டுத்தான் சரின்னோம். எங்களுக்கு ஆனது வாசிக்கறதுக்கு 15,000, வண்டி வாடகை 2,000. சவுண்டு மண்டபச் செட்டுலயே சேந்துபோச்சு.

சந்தன மேசைக்குப் பக்கத்துல போட்டோம். ஆறுலிருந்து ஏழே முக்கால் வரைக்கும் அருமையா கேட்டுச்சு. நெறையப் பேரு உள்ள போகாம அங்கயே நின்னுட்டாங்க, வாசல்ல கூட்டம் அடைச்சுக்கிச்சு. அதை நாம யோசிக்கல. நடுவுல கரண்டு போச்சு, லைட்டெல்லாம் அணைஞ்சும் பாட்டு நிக்கல. ஸ்பீக்கருக்கு யூபிஎஸ் இல்லைங்க, பியானோக்குள்ளயே இருக்கற சின்ன ஸ்பீக்கர்ல மெல்லமாக் கேட்டுச்சு. அந்தப் பத்து நொடி இருட்டுல எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. எனக்கு அன்னைக்குப் புடிச்சதே அதுதான்.

தப்பும் ஒண்ணு நடந்துச்சு. பெரியப்பா மகன் ஒருத்தன் போய் "குத்துப்பாட்டு வாசிங்க"ன்னு நாலு தடவை கேட்டு அந்தப் புள்ளைய சங்கடப்படுத்திட்டான். இனிமே யாராவது வெச்சா பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தரை நிறுத்தி வைங்க. அப்புச்சி சேரப் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. எந்திரிச்சுப் போகும்போது, "காத்து ஊதற துருத்தியே இல்லையே, எப்படிச் சத்தம் வருது?"ன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டாரு. அது கட்டையை அழுத்திக் காட்டுச்சு. இவரும் ஒரு வெரலை வெச்சு அழுத்திப் பாத்தாரு.

பொள்ளாச்சி அம்மிணி:
சந்தோசமுங்க கண்ணு. அந்தப் புள்ளைக்குச் சாப்பாடு?

கோபிக்காரன்:
எட்டு மணிக்கெல்லாம் அம்மாவே கூட்டிட்டுப் போய் மொதப் பந்திலயே உக்கார வெச்சுட்டாங்க.

கரூர் பேருந்து:
பழைய இழையைக் கிளறதுக்கு மன்னிச்சுக்கோங்க. தை மாசம் பையனுக்குக் காதுகுத்து, குலதெய்வக் கோயில்ல. பியானோ வெக்கலாமான்னு ஊட்டுக்காரம்மா கேக்கறாங்க.

சவுண்டுசெட்டு:
கோயில்ல கரண்டு இருக்குதுங்களா?